எல்லா வீடியோவையும் பார்த்தவர்

இனி ஒரு ஞாயிற்றுக்கிழமையைக்கூடக் கம்ப்யூட்டருக்குத் தாரைவார்ப்பதில்லை என்று அரைத்தூக்கம் முடிவு செய்தார். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. இது அலுவலகத்தில் வைத்தது. கோப்பு கேட்டு வருபவர்களிடம் கண்ணைத் திறக்காமலே "மூணாவது அலமாரி" என்று சொல்லும் திறமைக்குக் கிடைத்த பட்டம். மனுஷனுக்கு எப்போதும் அசதி. படுத்து எழுந்தால் அந்த அசதி வேறு.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். தெருவே "டீச்சர்" என்று கூப்பிட்டது. வீட்டுக்காரரும் அப்படியே கூப்பிட்டார், ஒரு பாதுகாப்புக்கு. கற்றுக்கொள்பவர் தான் ஓட்டிய லட்சணத்தைத் தானே பார்த்தால்தான் தப்பு புரியும் என்று டீச்சர் காரில் கேமரா வைத்திருந்தார். போதாததற்குப் அவர்களோடு பின்சீட்டில் துணைக்கு வரும் மாமியார், மச்சான் எல்லாம் ஃபோனிலும் எடுத்துத் தள்ளினார்கள். ஒரு வீடியோ யார் ஃபோனிலும் ஓடாது. இன்னொன்று அனுப்பவே முடியாத கனம்.

எல்லார் ஃபோனிலும் ஓடும்படி ஞாயிறுதோறும் மாற்றிக் கொடுப்பது புருஷன் பாடு. ஒவ்வொரு ஃபைலாக ப்ராப்பர்ட்டீஸைத் திறந்து, என்ன ரகம், அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று பார்த்து, அதற்குத் தகுந்தபடி மாற்ற வேண்டும்.

"இன்னுமா ப்ராப்பர்ட்டீஸ் பாக்கறீங்க?" என்பார் டீச்சர்.

"பாத்துத்தானே மாத்தணும்."

"எங்கப்பாவும் கல்யாணத்துக்கு முன்னாடி உங்க ப்ராப்பர்ட்டியை இப்படிப் பாத்திருந்தா, மாப்பிள்ளையை மாத்தியிருப்பாரு."

ரோஷம் வந்து அரைத்தூக்கம், கம்ப்யூட்டரே அந்த வேலையைச் செய்துகொள்ள ஒரு ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தார். ஃபைலின் விவரத்தை அதுவே படிக்கும், அதுவே முடிவெடுக்கும், அதுவே மாற்றி அடுக்கி வைக்கும். முதல் தடவை, எது மேல் பக்கம் என்பதைத் தப்பாகப் படித்துத் தொலைத்தது. தான் ஓட்டிய கார் சுவர் ஏறுவதைப் பார்த்து, டீச்சரிடம் கற்றுக்கொள்ளும் பேங்க்காரம்மா பதறிப்போய் ஃபோன் பண்ணினார்.

"நீங்க ஓட்டினதும் ஏறக்குறைய அப்படித்தான்" என்று டீச்சர் சமாளித்தார்.

அதைச் சரிசெய்த பிறகு ஸ்கிரிப்ட் பிழைத்துக்கொண்டது. ஒரு பொத்தானை அமுக்கினால் போதும். காபி ஆறுவதற்குள் மொத்த வேலையும் முடிந்தது. வெளியே போய்ச் சொல்லத்தான் எழுந்தார். வெளியே கார் கழுவாமல் நின்றது. பரணில் சாமான் குவிந்திருந்தது. டீச்சர் துடைப்பத்தோடு யாரையோ தேடிக்கொண்டிருந்தார்.

கதவைச் சாத்திக்கொண்டு, மேஜைக்குப் பின்னால் பாயை விரித்தார்.

அதன் பிறகு ஞாயிறெல்லாம் சொர்க்கம். முழிப்பு வரும்போது மட்டும் "ஐயோ, இது என்ன ரகம்னே புரியலையே!" என்று முனகுவார். உடனே காபி வரும். வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார். இப்படியே பல வாரம் ஓடியது.

ஒரு ஞாயிறு மத்தியானம் சாப்பிட வந்தவரின் கன்னத்தில் பாய் வரி வரியாகப் பதிந்திருந்தது. டீச்சர் அதைப் பார்த்தார். பார்த்தபடியே சோறு போட்டார்.

"முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. கண்ணெல்லாம் எரியுது."

"எல்லாத்தையும் பாத்தீங்களா?"

"பாக்காம? ஒண்ணு விடாம, முதல்லேருந்து கடைசி வரைக்கும்."

"அப்போ நான் உங்ககிட்ட பேசினதையும் பாத்திருப்பீங்க."

அரைத்தூக்கத்துக்கு முழுத்தூக்கமும் கலைந்தது.

"ம்... பாத்தேனே."

"நேர்ல கேக்கக் கூச்சமா இருந்துது. அதான் வண்டியில தனியா உக்காந்து கேமராவைப் பாத்துக் கேட்டேன். சம்மதம்தானே?"

மாட்டேன் என்றால், எதற்கு மாட்டேன்? என்ன கேட்டாய் என்றால், அப்போது நீங்கள் பார்க்கவில்லையா என்று வரும்.

"நீ கேட்டு நான் மாட்டேன்னு சொல்லுவேனா, டீச்சர்?"

"அப்புறம் பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

"அப்போ எங்க அண்ணனுக்கும் ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன்."

"அண்ணனுக்கா?"

"பின்ன? தங்கப்போற ரூம்ல காத்து வருமான்னு அவர்தானே தெரிஞ்சுக்கணும்?"

கையைக் கழுவியதும் அறைக்குள் ஓடினார்.

எந்த வீடியோ எவ்வளவு நீளம், என்ன ரகம் என்பதெல்லாம் ஸ்கிரிப்டுக்குத் தெரியும். உள்ளே யார் என்ன பேசினார்கள் என்று அதற்குத் தெரியாது. வேறு வழியில்லை. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். பல் டாக்டர் இண்டிகேட்டர் போடுவதாக நினைத்து வைப்பரைப் போட்டார். பேங்க்காரம்மா ரிவர்ஸில் போய்க் குப்பைத்தொட்டியை முட்டினார். எல்லாவற்றிலும் டீச்சர் குரல், "பிரேக்! பிரேக்!" ஒவ்வொரு பிரேக்குக்கும் அரைத்தூக்கத்தின் வலது கால் தானாகத் தரையை மிதித்தது. முட்டி கழன்றுவிடும் போலிருந்தது.

ஒரு வீடியோவில் தையல்காரர் கேட்டார், "உங்க வீட்டுக்காரர் ஓட்டுவாருங்களா?"

"ஓட்டுவாரு" என்றார் டீச்சர். "பொழுதை."

அதையும் முழுசாகக் கேட்க வேண்டியிருந்தது. எங்கே, எந்த இடத்தில் அந்தக் கேள்வி வந்துவிடுமோ என்ற பயம்.

வெயில் இறங்கும்போது வெளியே வந்தார். கண் இரண்டும் மிளகாய். டீச்சர் நாற்காலியில் காலை நீட்டிக் காபி குடித்துக்கொண்டிருந்தார்.

"எல்லாத்தையும் பாத்துட்டேன். நீ எதுவுமே கேக்கலையே!"

"கேக்கலைதான்."

"உங்க அண்ணன்?"

"அவர் அவர் வீட்டுல சௌக்கியமா இருக்காரு. அது சரி, ஒண்ணு விடாம பாத்தேன்னு மத்தியானம் சொன்னீங்களே. அப்பவே கேக்கலைன்னு சொல்லியிருக்கலாமே?"

அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார்.

"நான் வண்டி ஓட்டறேன். நீங்க எனக்கே படம் ஓட்டறீங்களா? நீங்க தூங்கறப்போ மாத்தற வேலையை மெஷினே செய்யுதா?"

"செய்யுது."

"நல்லதாப் போச்சு. பேங்க்காரம்மா எப்படி ஓட்டறாங்க?"

"பின்னாடி போறப்போ கண்ணாடியையே பாக்கறதில்லை" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டார். "பல் டாக்டரு கையைப் பாத்துக்கிட்டே கியர் மாத்தறாரு."

டீச்சர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இவ்வளவு நல்லாப் பாக்கற ஆளை வீட்டுல வெச்சுக்கிட்டு, முடியாதுன்னு எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கேன்! அடுத்த ஞாயித்துக்கிழமைலேருந்து வீடியோவெல்லாம் பாத்து நீங்க தப்பு சொல்லுங்க, நான் அவங்களையும் சேத்துக்கறேன்."