கனமில்லாத பவர் சப்ளை

இந்தத் தொண்ணூற்றேழாம் வருஷத் தீபாவளிக்குள் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டியே தீருவது என்று ஒரு சபதம் எடுத்தேன்.

சிரிக்காதீர்கள். வேலாயுதமாகிய நான் மலேசியாவின் போர்ட் கிள்ளான் துறைமுகக் கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். பத்து கிலோமீட்டரைத் தாண்டினால் சூப்பர்வைசர் விசில் அடிப்பார். மோட்டார் சைக்கிளில் போனாலோ, பின்னால் உட்கார்ந்திருக்கும் என் மனைவி புஷ்பவல்லி நாற்பதிலேயே தோளைக் கிள்ளுவாள். எனக்கு வயது நாற்பத்திரண்டு. யாரும் தடுக்காமல் ஒரே ஒரு தடவை பறக்க வேண்டும் என்று மனசு கிடந்து ஏங்கியது.

பிரிக்பீல்ட்ஸில் கன்னையாவின் கம்ப்யூட்டர் கடையில் ஒரு கார் ரேஸ் விளையாட்டைப் பார்த்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ரெடிமேட் கம்ப்யூட்டரில் அந்தக் கார் நொண்டுமாம். எனவே பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்ட முடிவு செய்தேன். புஷ்பவல்லியிடம், போர்ட்டில் எல்லாம் கம்ப்யூட்டராகப் போகிறது, கற்றுக்கொள்ளாவிட்டால் வேலை போய்விடும் என்று அளந்துவிட்டேன்.

"கிராஃபிக்ஸ் கார்டு டாப் கிளாஸ் எடுத்திட்டீங்கண்ணே. பவர் சப்ளையும் நல்லதா போடுங்க. எல்லாத்துக்கும் கரண்ட் குடுக்கறது அதுதான்" என்றான் கன்னையா.

"அது உள்ளதானே கெடக்கு, யாரு பாக்கப் போறா? இருக்கறதுலயே மலிவா குடுலா."

"மலிவுல இருநூத்தம்பது வாட்ஸ்னு ஸ்டிக்கர் மட்டும்தாண்ணே இருக்கும்."

"ஸ்டிக்கர் போதும் பாஸ்!"

அன்று மாலை ஷா ஆலம் ஃபேக்டரி பஸ்ஸில் வந்திறங்கிய புஷ்பவல்லி, மேசையில் பரப்பியிருந்த சாமான்களைப் பார்த்தாள்.

"இது என்னங்க?"

"கிராஃபிக்ஸ் கார்டு. கன்டெய்னர் நம்பர் பளிச்சுன்னு தெரியணும்ல."

"இது?" பவர் சப்ளையை எடுத்தாள். கரண்ட் சமாச்சாரம் என்றால் பயந்துவிடுவாளே.

"அது ஃபேன். பாரு, உள்ள சுத்தும்."

உள்ளங்கையில் வைத்து இரண்டு தடவை தூக்கிப் பார்த்தாள். "கனமே இல்லையே."

"ஃபேனுக்கு எதுக்குக் கனம்? உனக்கு இதெல்லாம் புரியாது. போய் ரசத்தப் பாரு."

"சரிங்க."

கல்யாணமான நாளாக அவள் இவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' சொன்னதே இல்லை. நான் அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலை கம்ப்யூட்டருக்கு விபூதி பூசி, ஸ்விட்சைப் போட்டு, விளையாட்டில் உட்கார்ந்தேன். நூறு. நூற்றிருபது. நூற்றைம்பது. என் வாழ்நாளில் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. நூற்றெண்பதில் 'டப்' என்றது. திரை இருண்டது. தீய்ந்த நாற்றம் வீடெல்லாம் பரவியது.

அடுக்களையிலிருந்து புஷ்பவல்லி வந்தாள். கையில் ஸ்க்ரூ டிரைவர். நாலே நிமிஷத்தில் பெட்டியைப் பிரித்துப் போட்டாள்.

"டிரான்ஸ்ஃபார்மரப் பாருங்க, சுண்டு விரல் அளவுகூட இல்ல. நல்ல சப்ளைன்னா கையில எடுத்ததுமே கனம் தெரியும். எங்க லைன்ல இது வந்தா அப்படியே ரிஜெக்ட்."

"எந்த லைன்ல?"

"ஒம்போது வருஷமா ஃபேக்டரில பவர் சப்ளைதானே டெஸ்ட் பண்றேன்?"

பஸ் லேட்டா என்று தினமும் கேட்டிருக்கிறேன். அங்கே என்ன வேலை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை.

"அப்ப அன்னிக்கே சொல்லியிருக்கலாமே!"

"நீங்கதான் ஃபேன்னு சொன்னீங்களே. ஃபேன் பத்தி எனக்கு என்ன தெரியும்?"

நல்லவேளை, மற்ற சாமான்கள் தப்பித்தன. அடுத்த வாரம் ஃபேக்டரியின் ஸ்டாஃப் சேல்ஸிலிருந்து கனமான ஒன்றைக் கொண்டுவந்து அவளே பூட்டினாள். நான் ஆசையோடு நாற்காலியை இழுத்துப் போட்டேன். அதில் அவள் உட்கார்ந்தாள்.

"இருங்க, டெஸ்ட் பண்ணித்தான் பாஸ் பண்ணணும்."

டெஸ்ட் மூன்று நாள் நடந்தது. மூன்றாம் நாள் இருநூற்றிருபதைத் தொட்டாள். வளைவுகளில் உடம்பையும் சேர்த்துச் சாய்த்தாள். கோப்பி போட்டுக் கொடுத்துக்கொண்டே பின்னால் நின்று பார்த்தேன். நான்காம் நாள் சுவரில் ஷிஃப்ட் அட்டவணை ஒட்டினாள்.

"தெனமும் காலைல எட்டுலேர்ந்து அஞ்சு வரைக்கும் உங்க ஷிஃப்ட். அதுக்கப்புறம் நான்."

"அந்த நேரம் நான் போர்ட்ல இருப்பேனே!"

"ஒடம்பு சரியில்லன்னு டாக்டர்ட்ட எம்.சி. வாங்கி லீவு போடுங்களேன்."

"ஞாயித்துக்கெழம?"

"மெயின்டெனன்ஸ். தொடைக்கிறது உங்க டூட்டி."

இப்போது ஞாயிறுதோறும் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டுத் துணியோடு உட்காருகிறேன். கீபோர்டில் விரல் பட்டாலே அடுக்களைப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன். போன வாரம் ஆசை தாங்கவில்லை. இருண்ட திரையைப் பார்த்து, வாயாலேயே மெல்ல 'ர்ர்ரூம்' என்று ஒரு கியர் போட்டேன்.

அடுக்களையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, மெயின்டெனன்ஸ் நேரத்துல வெளயாடக்கூடாது."