இராசரத்தினத்தின் புல்லுக் காவல்

இந்தச் சனிக்கிழமை சோபாவை விட்டு எழும்புவதில்லை என்று இராசரத்தினம் முடிவெடுத்துவிட்டார். துபாயில் இலங்கை விளையாடும் கிரிக்கெட் அரையிறுதி. கனடாவில், அவர் இருக்கும் ஸ்காபரோவில், அது காலை நேரம். கையில் தேத்தண்ணி, காலில் கம்பளிச் சொக்ஸ். ஒரு மனிதனுக்கு வேறென்ன வேண்டும்?

மனைவி தவமணிக்கு வேறு வேண்டியிருந்தது. அல்கொன்குவின் காட்டில் மேப்பிள் சிவந்துவிட்டதாம். ஒவ்வொரு வருடமும் அவள் கேட்பாள். ஒவ்வொரு வருடமும் அவருக்கு முதுகு பிடிக்கும்.

"இஞ்சாருங்கோ, இந்தச் சனியை விட்டால் இலையெல்லாம் கொட்டிப்போயிடும்."

முதுகுப் பிடிப்பு அலுத்துப்போன சாட்டு; இம்முறை புதிதாக ஒன்று வேண்டும். இராசரத்தினம் ஜன்னலால் பார்த்தார். முன்வளவில் புல் நெஞ்சளவுக்கு நின்றது. புல் வெட்டும் வேலையிலிருந்து தப்ப, இந்த நாட்டுக்கே உரிய புல் என்று ஒரு விதைப் பக்கற்றை வாங்கி முன்னொருநாள் தூவியிருந்தார். அது இப்போது கைகொடுத்தது.

"மூண்டு மணித்தியாலம் கார் ஓடிப்போய் என்னத்தைப் பாக்கிறது? உதிலை பாரும். பிக் புளூஸ்ரெம் எண்ட புல்லு! நுனி வான்கோழிக் கால் மாதிரிப் பிரிஞ்சிருக்கு. குளிர் தொடங்கச் செம்பு நிறமாகும். உம்மடை மேப்பிள் ஒரு கிழமையிலை கொட்டிடும். இது பனி மூடுமட்டும் நிக்கும்."

"வடிவுதான். அப்ப காலமை வெளிக்கிட்டுப் பின்னேரம் வந்திடுவமே?"

"ஐயோ, இப்ப விதை முத்திற நேரம். பக்கத்து வீட்டு மரியோ களையெண்டு நினைச்சுப் புல்லு வெட்டுற மெஷினை விட்டிடுவான். சனிக்கிழமை ஒராள் காவல் நிக்கவேணும்."

"முழு நாளுமோ?"

"முழு நாளும்."

"ஒரு மணித்தியாலமும் விட ஏலாதோ?"

"ஒரு நிமிஷமும் ஏலாது."

"அப்ப சரி" என்றாள் தவமணி. சண்டையில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. மனுசன் அந்த இடத்திலேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

சனி காலை அவள் வழியில் சாப்பிட ரோல்ஸ் பெட்டியோடு சிநேகிதி இராஜேஸ்வரியின் வான் வண்டியில் ஏறி அல்கொன்குவினுக்குப் போய்விட்டாள். இராசரத்தினத்துக்கு உள்ளம் குளிர்ந்தது. சோபா. தேத்தண்ணி. மூன்றாவது ஓவர். கதவு மணி அடித்தது.

வாசலில் அஜின்கோர்ட் முதியோர் சங்கமே திரண்டு நின்றது. பொல்லுகள், தொப்பிகள், குளிர்க்கோட்டுகள். முன்னால் பேர்ணடெற் அன்ரி.

"தம்பி, அவ்வளவு தூரம் வான் வண்டியிலை இருக்க எங்கடை முழங்கால் விடாது. இஞ்சையே கலர் பாக்கலாமெண்டு தவமணி சொன்னவ. நீங்கள் நாள் முழுக்க நிண்டு விளக்குவியளாம்."

"அன்ரி, இண்டைக்குக் கிரிக்கெட் மச்..."

"ஓம், அதுவும் சொன்னவ. மச்சைக்கூடப் பாக்காமல் புல்லோடை நிக்கப் போறியளாம். பெரிய மனசு, தம்பி!"

அவருக்குத் தெரிந்தது விதைப் பக்கற்றில் இருந்த நாலு வரி. அதையே இழுத்து இழுத்துச் சொன்னார். கேள்விகள் ஓயவில்லை.

"மாடு தின்னுமோ?"

"கூரை வேயலாமோ?"

"டயபிற்றிசுக்கு நல்லதோ, தம்பி?"

தெரியாது என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், அவித்துக் குடிக்கவென்று ஒரு கைப்பிடி புல் பேர்ணடெற் அன்ரியின் பைக்குள் போய்விட்டது. இடையில் எல்லோருக்கும் தேத்தண்ணியும் அவரே போட்டார். உள்ளே தொலைக்காட்சியில் ஆரவாரம் எழுந்தது. யார் அவுட்? வெளியில் நின்று ஜன்னலுக்குள் எட்டிப் பார்த்தார். புல் மறைத்தது.

பொழுதுபடத் தவமணி வந்தாள். குளிரில் கன்னம் சிவந்து, ஒரு காட்டையே பார்த்த சந்தோஷத்தோடு. இலங்கை வென்று இறுதிக்குப் போன செய்தியை அவருக்குச் சொன்னதும் அவள்தான். இராசரத்தினத்துக்கு அழுகை வந்தது. அடுத்த சனி இறுதிப் போட்டி. அதையாவது காப்பாற்ற வேண்டும்.

"இஞ்சேரும், வாற சனியும் இலை பாக்கவெண்டு வெளிக்கிடமாட்டீர்தானே?"

"இல்லையப்பா. அதுக்கிடையிலை இலையெல்லாம் கொட்டிடும்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"உங்கடை புல்லு நிக்கும்தானே" என்றாள் தவமணி. "மிசிசாகா முதியோர் சங்கம் வருகுது."