பார்தில் வாங்கிய சுவர்

"சாக்கடை அடைப்புக்கு வந்தவங்க பின்வாசல் வழியா வரணும்" என்று சாவிக்கொத்தாலேயே பக்கத்துச் சந்துப் பக்கம் காட்டினான் தரகன் கஸ்தோனே.

பார்தில் தன் புதுக் கோட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அல்பேனியாவில் ஷ்கோதர் நகரத்தில் கூலி அதிகம் கேட்கிற தையல்காரன் தைத்தது. அதைப் போட்டுக்கொண்டு வந்தும், இத்தாலியின் கோமோ ஏரிக்கரையில் அவர் சாக்கடைக்காரராகத்தான் தெரிந்தார்.

"அடைப்புக்கு வரல. இந்த வீட்டை வாங்க வந்திருக்கேன்" என்றார்.

கஸ்தோனே உடனே சிரித்தான். தரகன் சிரித்தால் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வது நல்லது.

"அல்பேனியாவிலேர்ந்து போன்ல பேசினது நீங்கதானா சார்? மன்னிக்கணும். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன். வெளிநாட்டுக்காரர் இங்க வீடு வாங்கினா, உங்க நாட்டுல எங்க ஆளுங்களுக்கு வீடு வாங்க விடுறாங்களான்னு பத்திரம் எழுதுறவர் கேப்பார்."

"எங்க வ்லோரா கடற்கரைக்கு ஒரு நடை போய்ட்டு வரச் சொல்லுங்க. பாதி மாடி வீடு உங்க ஊர் பென்ஷன்காரங்க வாங்கினதுதான். கொடியில காயுற துணியைப் பாத்தே சொல்லிடலாம்."

பக்கத்தில் நின்ற மைத்துனன் லாசர் அவர் முழங்கையை இடித்தான். "மாமா, வேன்ல பேசிக்கிட்டதை மறந்துடாதீங்க" என்றான் தங்கள் பாஷையில்.

வேனில் பேசிக்கொண்டது இதுதான். வாங்க வந்தவன் ஆசையைக் காட்டக் கூடாது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்குவது போல, எதைக் காட்டினாலும் குறை சொல்ல வேண்டும். முக்கியமாக, அந்தச் சுவரைப் பற்றி வாயே திறக்கக் கூடாது.

இருபத்தேழு வருடங்களுக்கு முன்னால் பார்தில் இந்த வீட்டில் கூலிக்கு வேலை செய்தவர். வீட்டுக்கும் ஏரிக்கும் நடுவே நிற்கும் கருங்கல் தடுப்புச் சுவரை, நான்கு மாதம் இடுப்பளவு குளிர்ந்த தண்ணீரில் நின்று கட்டினார். ரொட்டியைப் படிக்கட்டில் உட்கார்ந்து தின்றார். வீட்டுக்குள் ஒரு நாளும் விடவில்லை. சுவர் முடிந்த வாரமே ஊர் திரும்பி, கொத்தனாராக இருந்தவர் மேஸ்திரியாகி, மேஸ்திரி முதலாளியாகி, இன்று ஷ்கோதரில் ஆறு மாடிக் கட்டிடங்கள் எழுப்புகிறார். அங்கே அவரோடு காப்பி குடித்த எல்லோருக்கும் அந்தச் சுவரைத் தெரியும். அதை வாங்காமல் ஊருக்குத் திரும்பினால் காப்பிக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

அப்போது கூட வேலைக்கு வந்த லாசர் இங்கேயே தங்கிவிட்டவன். இன்னும் கொத்துக்கரணையும் கையுமாகத்தான் இருக்கிறான். "என் பொண்டாட்டியோட தம்பிங்கிறதால வாய் திறக்காம இருக்கேன். இல்லன்னா உன்னைச் சித்தாளாக்கூடச் சேத்துக்க மாட்டேன்" என்று பார்தில் அவனிடமே சொல்வார். அவனும் "சரி மாமா" என்பான்.

வீட்டுக்குள் காரியம் நன்றாகவே நடந்தது. கூரையில் ஈரம், ஜன்னல் சட்டத்தில் செல்லரிப்பு, கால் வைத்ததும் முனகும் மாடிப்படி. லாசர் ஒவ்வொன்றையும் தட்டிக் காட்டினான். பார்தில் ஒவ்வொன்றுக்கும் துக்க வீட்டுக்கு வந்தவர் போலத் தலையை ஆட்டினார். கஸ்தோனே இரண்டு முறை மிலானில் இருந்த வீட்டுச் சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டான். விலை இரண்டு முறை இறங்கியது.

பிறகு தோட்டத்தைத் தாண்டி ஏரிப் பக்கம் வந்தார்கள்.

சுவர் நின்றது. வெயிலில், நேராக, பாசி படிந்து, இந்த ஏரியே என்னுடையது என்பது போல நின்றது. பார்தில் பேசிவைத்தபடி உதட்டைப் பிதுக்கப் பார்த்தார். வரவில்லை.

லாசர் விடவில்லை. "இந்தச் சுவரைப் பாருங்க, தரகரே. நடுவுல வயிறு தள்ளியிருக்கு. தண்ணி வடியுற ஓட்டை பத்தாது. உள்ள சல்லிக்குப் பதிலா உடைஞ்ச ஓடுங்களைப் போட்டு ரொப்பியிருக்கான்."

"உள்ள இருக்கிறது உனக்கெப்படித் தெரியும்?" என்றார் பார்தில்.

"தட்டினா சத்தம் சொல்லும், மாமா." மறுபடி தரகன் பக்கம் திரும்பினான். "எந்தக் கழுதை கட்டிச்சோ."

பார்திலின் காது மடல் சிவந்தது.

"கழுதையா?" என்றார், தரகனுக்கும் புரிகிற இத்தாலிய பாஷையில். "கண்ணு தெரியுதா உனக்கு? வரி வரியா எப்படிப் போயிருக்குன்னு பாரு. தூக்குக்குண்டு விட்டுப் பாரு, ஒரு மயிரிழை விலகியிருந்தா என் மீசையை எடுத்துடறேன். இதைக் கட்டினவன் கொத்தனார் இல்ல, கலைஞன்!"

கஸ்தோனே மெதுவாகப் போனை எடுத்து ஒதுங்கினான். திரும்பி வந்தபோது விலை, வாசலில் சொன்ன இடத்துக்கே ஏறியிருந்தது.

"மாமா, உங்க வாயைக் கொஞ்சம் மூடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று லாசர் தங்கள் பாஷையில் கெஞ்சினான். அப்புறம் ஏறிய விலையை இறக்குவதற்காக ஒரேயடியாகப் போட்டான். "தரகரே, இதை இடிச்சுட்டுப் புதுசாக் கட்டணும். அந்தச் செலவைக் கழிச்சாத்தான் எங்களுக்குக் கட்டுப்படியாகும்."

"இடிப்பியா?" பார்தில் சுவரின் முன்னால் போய்க் கையை விரித்து நின்றார். "ஒரு கல்லைத் தொட்டுப் பாரு பாப்போம்! ஏன்டா, நீ கட்டின கோழிக்கூட்டுல கோழியே தயங்கித் தயங்கி நுழையுது. நீ இந்தச் சுவரைக் குறை சொல்றியா? ஏழு ஜென்மம் எடுத்தாலும் இதுல ஒரு வரி உன்னால கட்ட முடியுமாடா?"

லாசர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "முடியாதுதான் மாமா" என்றான்.

"இன்னும் இருநூறு வருஷம் நிக்கும் இது!"

கஸ்தோனே அதை அப்படியே போனில் மிலானுக்குச் சொன்னான். "இருநூறு வருஷம்னு சொல்றார். ஆமா, வாங்க வந்தவரேதான் சொல்றார்." சொந்தக்காரர்கள் சுவருக்கென்று தனியாக ஒரு விலை சேர்த்தார்கள்.

இனி ஒரே வழிதான் என்று லாசர் அவரை இழுத்துக்கொண்டு நடந்தான். "வேண்டாம்னு போற மாதிரி போவோம். சந்து திரும்புறதுக்குள்ள கூப்பிடுவான்."

பார்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பத்து அடி நடந்தார். பதினோராவது அடியில் கஸ்தோனே கூப்பிட்டான். விலையைக் குறைக்கக் கூப்பிடவில்லை.

"போறதுன்னா போங்க சார். நாளைக்கு ஒரு ஜெர்மன்காரர் வர்றார். அவருக்குப் படகு நிறுத்த இடம் வேணுமாம். இந்தச் சுவரை எடுத்துடலாமான்னுதான் முதல்ல கேட்டார்."

அந்த ஜெர்மன்காரன் இருந்தானோ இல்லையோ, லாசர் நம்பவில்லை. பார்தில் நம்பினார். ஓட்டமாகத் திரும்பி வந்து கையை நீட்டினார்.

"மாமா!" என்று கத்தினான் லாசர்.

"கை குடுத்தாச்சுடா" என்றார் பார்தில். ஷ்கோதர்காரன் கை கொடுத்து வாக்கும் சொல்லிவிட்டால், பத்திரம் எழுதுவதெல்லாம் அப்புறம் நடக்கிற சம்பிரதாயம்தான். கூரை ஒழுகும் வீட்டை, ஒழுகாத வீட்டின் விலைக்கும் மேலே கொடுத்து வாங்கியாகிவிட்டது. ஆனாலும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மகனுக்குக் கல்யாணம் முடித்த அப்பன் மாதிரி இருந்தார்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி பியெரினா தட்டில் காப்பியோடு வந்தாள். வீட்டுக்காரி என்றால் சொந்தக்காரி இல்லை. முப்பத்தைந்து வருடமாக இந்த வீட்டிலேயே கிடந்து பெருக்கிச் சமைத்துக் காவல் காப்பவள். மிலான்காரர்கள் ஆகஸ்டில் வந்து குளித்துவிட்டுப் போவார்கள். மற்ற பதினோரு மாதமும் வீடு அவளுடையதுதான்.

பார்தில் காப்பியைத் தொடவில்லை. கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"தரகரே, இனிமே மறைக்க ஒண்ணுமில்ல. இந்தச் சுவரைக் கட்டினவன் நான்தான். இந்தக் கையால! இந்த மூலைக்கல்லுதான் என் பெருவிரலை நசுக்கினது. பாருங்க, நகம் இன்னும் கோணல்." விரலைக் காட்டினார். "யம்மா பியெரினா, நீங்க சொல்லுங்க. அந்தப் படியில உக்காந்து ரொட்டி தின்னுவேனே, ஞாபகம் இருக்கா?"

கஸ்தோனே வாயைப் பிளந்தான். லாசர் என்னவோ, ஏரியில் மீனை எண்ணுகிறவன் போல அந்தப் பக்கம் திரும்பி நின்றான்.

பியெரினா பார்திலை ஏற இறங்கப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது.

"மறப்பேனா ஐயா? வெங்காயத்தோட ரொட்டி தின்னுட்டு, சத்தமாப் பாடுவீங்களே!" என்றாள். "பாவம், நீங்க கட்டினது நீங்க ஊருக்குப் போன மூணாம் மாசமே, ஒரு மழைக்கு ஏரிக்குள்ள சரிஞ்சுடுச்சு. கல்லையெல்லாம் தண்ணிக்குள்ளேர்ந்து பொறுக்கியெடுத்து, 'எங்க மாமாவுக்கு மட்டும் சொல்லிடாதீங்க'ன்னு கெஞ்சிக்கிட்டே இதைத் திரும்பக் கட்டினவர், இதோ உங்க பக்கத்துல தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு நிக்கிறாரே, இவர்தான்."