மண்டையோட்டு அக்காவின் கண் பரிசோதனை

திருக்கோகர்ணம் பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட யாரை வேண்டுமானாலும் நிறுத்தி, "மண்டையோடு பார்த்தாச்சா?" என்று கேளுங்கள். "பார்க்காம அந்தக்கா விடுமா?" என்பார்கள். கண்ணாடி வாங்க வந்தவர்களுக்கு ஐரோப்பிய ஓவியத்தைக் காட்டிக் கண்ணைச் சோதித்த ஒரே ஆள், புதுக்கோட்டை என்ன, இந்தியாவிலேயே எங்கள் மண்டையோட்டு அக்காதான். கடைக்குப் பெயர்ப்பலகை உண்டு. அதை யாரும் படித்ததில்லை. படிக்க முடியாதவர்கள்தானே அங்கே போகிறார்கள்!

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு ஸ்குரூ. ஃப்ரேம் கம்பெனிக்காரர் கொடுத்த காலண்டரில் ஐந்நூறு வருஷப் பழைய ஓவியம் ஒன்று இருந்தது. இரண்டு தூதர்கள் பட்டும் ரோமமுமாக நிற்கிறார்கள். நடுவே அலமாரியில் பூகோள உருண்டையும் வீணை மாதிரி ஒரு வாத்தியமும். காலடியில் மட்டும் சாய்வாக, வெளிறிப்போய், என்னவென்றே தெரியாத ஒரு கறை. ஒருநாள் கீழே விழுந்த ஸ்குரூவைத் தேடிச் சுவரோரமாகக் குனிந்த அக்கா, அங்கிருந்தபடியே நிமிர்ந்து பார்த்தார். கறை மண்டையோடாகி இளித்தது.

"மாதாவே!"

எதிர் டீக்கடை மாஸ்டர் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்தார். வந்தவரின் தோளைப் பிடித்துச் சுவரோடு சாய்த்து, "இங்கிட்டு நின்னு பாருங்க!" என்றார் அக்கா. அடுத்த அலறல் மாஸ்டருடையது.

அந்த வாரமே படத்தை ஆறடி ஃபிளெக்ஸாக அடிக்கக் கொடுத்துவிட்டார்.

"கல்யாணமாக்கா, கண்ணீர் அஞ்சலியா?" என்று கேட்டார் ஃபிளெக்ஸ் கடை டிசைனர்.

"ரெண்டும் இல்லப்பா, கண் டெஸ்ட்டு."

மறுநாள் ஃபிளெக்ஸ் பளபளவென்று வந்தது. அக்கா சுவரோரமாக நின்று பார்த்தார். குனிந்து பார்த்தார். தரையில் கன்னத்தை வைத்தும் பார்த்துவிட்டார். தூதர்களின் காலடியில் வெறும் தரை!

"கீழே ஏதோ அழுக்கு மாதிரி இருந்துச்சுக்கா. நீட்டா கிளீன் பண்ணிட்டேன்" என்றார் டிசைனர், பாராட்டை எதிர்பார்த்து.

"ஐநூறு வருஷம் இருந்ததை அஞ்சு நிமிஷத்துல அழிச்சுட்டியேப்பா!"

பயந்துபோன டிசைனர் சும்மாவே இன்னொன்று அடித்துக் கொடுத்தார். ஓவியரே தன் கையெழுத்தை நிழலுக்குள் ஒளித்துவைத்த அந்தப் படத்தில், தன் கடையின் போன் நம்பரை மட்டும் கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டார்.

அக்காவுக்குப் பித்து ஏறிவிட்டது. அடுத்து வந்தது ஒரு தாடிக்காரத் துறவியின் படம். கீழ் விளிம்பில் நிஜ ஈ உட்கார்ந்திருப்பது போலவே வரைந்திருக்கும். கையை வீசி விரட்டினால் பார்வை பாஸ். விரட்டாவிட்டால் பவர் ஏற்ற வேண்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் செய்தித்தாளைச் சுருட்டி விட்ட அறையில் படத்தின் கண்ணாடி இரண்டாகப் போனது. "நீங்க ஸ்டேட் ஃபர்ஸ்ட் சார்!" என்று கைதட்டினார் அக்கா.

இன்னொரு படத்தில் ஒரு கணவனும் மனைவியும் கைகோத்து நிற்பார்கள். பின்சுவரில் வட்டக் கண்ணாடி. அதற்குள், வாசலில் நிற்கும் இன்னும் இரண்டு பேர். துபாய்க்குக் கிளம்பும் அவசரத்தில் வந்த அறந்தாங்கிக்காரர், "ரெண்டு பேருதாங்க்கா, ஃபிளைட்டுக்கு நேரமாச்சு" என்று கெஞ்சினார். "நாலுன்னு சொல்ற வரைக்கும் ஃபிளைட் நிக்கும், உக்காருங்க" என்றார் அக்கா.

அப்படிப்பட்ட இடத்துக்குத்தான் நானும் போனேன். பத்திரிகைக்காரன், ஒரு புள்ளி விட்டுப்போனாலும் கண்டுபிடிப்பவன் என்ற திமிரோடு. ஈயை விரட்டினேன், நாலு பேரையும் எண்ணினேன், மண்டையோட்டையும் பார்த்தேன்.

"சபாஷ்! இப்ப வலது கண்ணை மூடிக்கிட்டு, நடுவுல இருக்கிற அலமாரியையே பாருங்க. ரெண்டு பக்கமும் ஆளு நிக்கிறது தெரியுதா?"

"இடது பக்கம் தெரியுதுக்கா."

"வலது பக்கம்?"

"அங்க யாரு இருக்கா?"

அக்கா சிரித்தார். நான் விளையாடுவதாக நினைத்துவிட்டார். பிறகு வலப்பக்கத் தூதர் மேல் கையை வைத்து ஆட்டினார்.

"என் கை தெரியுதா சார்?"

"எந்தக் கை?"

அவ்வளவுதான், அக்காவின் முகம் மாறிவிட்டது. ஷட்டரை இழுத்துப் பூட்டினார். "நாளைக்குப் போறேங்க்கா" என்ற என்னை ஆட்டோவில் ஏற்றி, பஸ்ஸில் ஏற்றி, மதுரையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் உட்காரவைத்தார். வழியெல்லாம் ஒரு ஓவியத்தைப் பற்றியும் பேசவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

கண்ணுக்குள் அழுத்தமாம். வலியே இல்லாமல் ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வந்திருக்கிறது. "போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாத்திடலாம். நல்ல நேரத்துல வந்தீங்க. யார் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார் டாக்டர். கதவருகே ஜெபமாலையை உருட்டிக்கொண்டு நின்ற அக்காவைக் காட்டினேன். "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?" என்றார். கேட்டிருக்கக் கூடாது. போனை எடுத்துப் படத்தைக் காட்டி, அடுத்த கால் மணி நேரம் டாக்டரைத் தலையைச் சாய்க்கவைத்துவிட்டார். வெளியே டோக்கனோடு இருபது பேர்!

அன்றிலிருந்து தினமும் காலை ஏழு மணிக்குப் போன் வரும். "சொட்டு மருந்து விட்டாச்சா சார்?" "விட்டாச்சுக்கா." உடனே வைத்துவிடுவார்.

போன மாதம் ஒருநாள் அந்தப் போன் வரவில்லை. ஏழே கால் வரை பொறுத்தேன். நான் அடித்தால் ஸ்விட்ச் ஆஃப். சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்கே ஓடினேன். மாடியில்தான் அவர் வீடு. சார்ஜ் தீர்ந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு படியில் இறங்கி வந்தார்.

"என்ன சார், இப்படி மூச்சு வாங்குது?"

"ஒண்ணுமில்லக்கா, சும்மா இந்தப் பக்கம் வந்தேன்" என்றேன். அவரைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.