மூன்றாம் ஓலையும் ரிஜெக்ட்காரரும்

கோயமுத்தூரில் தொண்ணூறுகளில் மனிதர்களை நடுங்க வைத்தவர்கள் பட்டியலில் நான் முதலிடம் கொடுப்பது கணபதியில் ஒரு பம்ப் கம்பெனியில் வேலை பார்த்த ஒல்லியான, சாதுவான, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மனிதருக்குத்தான். அவர் யாரையும் அடித்ததில்லை, திட்டியதில்லை. கேட்டால் உண்மையைச் சொல்வார், அவ்வளவுதான். அதற்கே ஊர் நடுங்கியது.

பவுண்டரியிலிருந்து வரும் வார்ப்புகளைச் சோதிப்பது அவர் வேலை. சின்னச் சுத்தியலால் ஒரு தட்டு, காதைச் சாய்த்து ஒரு கேட்பு. சத்தம் பிடிக்கவில்லை என்றால் உள்ளே விரிசல் என்று அர்த்தம்; சிவப்புப் பெயின்டில் ஒரு பொட்டு வைத்து, ரிஜெக்ட் என்று ஓரமாகத் தள்ளிவிடுவார். முதலாளியே பக்கத்தில் நின்று கெஞ்சினாலும் பொட்டு பொட்டுதான். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சபைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். எங்களுக்கு அவர் ரிஜெக்ட்காரர்.

நான் அதே கம்பெனியில் டிஸ்பேட்ச் கிளார்க். போனில் பொய் சொல்வதற்காகவே மாதச் சம்பளம் வாங்கியவன் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருநாள் நான் டீ குடிக்கப் போன நேரத்தில் சென்னிமலையிலிருந்து ஒரு வாடிக்கையாளர் கூப்பிட, இவர் போனை எடுத்துவிட்டார்.

"லோடு கெளம்பிருச்சுங்களா?"

"இல்லீங்க. இன்னும் பெயின்டே அடிக்கலீங்க."

"காலைல லாரி ஏறிருச்சுன்னு சொன்னாருங்களே!"

"அது அந்தத் தம்பி எல்லாருக்கும் சொல்றதுங்க."

கையிலிருந்த டீயோடு வாசலில் நின்று இதைக் கேட்டேன். டீயை அங்கேயே கொட்டிவிட்டு போனைப் பிடுங்க ஓடினேன்.

கம்பெனியில்தான் இப்படி என்றால் கோயிலிலும் அவர் எனக்கு இரண்டு பெஞ்சு பின்னால். ஆராதனை முடிந்து வாசலில் கைகுலுக்கும்போது போதகர் ஆசையாக, "பிரசங்கம் எப்படிங்க?" என்று கேட்டுவிட்டார். "பாதியில தூங்கிப்போட்டேனுங்க ஐயா. மொதப் பாதி போன வருசம் சொன்னதுதானுங்களே" என்றார் இவர். சுகமளிக்கும் கூட்டம் ஒன்றில், சுகம் கிடைத்தவர்கள் கை தூக்குங்கள் என்று மேடையில் கேட்டார்கள். இவர் எழுந்து, முழங்காலை ஒரு தரம் மடக்கி நீட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஆகலீங்க. அப்பிடியேதான் வலிக்குதுங்க" என்று சொல்லி உட்கார்ந்தார். பாதி தூக்கிய கைகள் நாலைந்து மெதுவாகக் கீழே இறங்கியதை நான் கண்ணால் பார்த்தேன்.

இன்னொரு கூத்தும் உண்டு. எங்கள் சபையில் 'உங்களுக்காக ஜெபிக்கிறேன்' என்பது 'போயிட்டு வாரேன்' மாதிரி. சொல்வோம், மறப்போம். இவர் அப்படி விடமாட்டார். காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் அத்தனை கூட்டத்தில் ஓர் அம்மாவை நிறுத்தி, "ஏனுங்கம்மா, போன வாரம் உங்க பொண்ணுக்காக ஜெபம் பண்றேன்னு சொன்னேனுங்க. மறந்துபோட்டேன். இப்பவே பண்ணிப்போடலாமுங்க" என்று கண்ணை மூடிவிட்டார். அந்த அம்மாவும் மூட வேண்டியதாயிற்று. அதற்குள் அவர் ஏற வேண்டிய சூலூர் பஸ் போய்விட்டது.

"எதுக்குங்க இப்படி மானத்த வாங்கறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன்.

"ஏங்கண்ணு, நாம வேற ஒரு ஆளாட்ட வேசம் போட்டுப் போயி ஆண்டவர் முன்னால நின்னா, அவரு யாரைத்தான் ஆசீர்வாதம் பண்ணுவாரு? அப்பிடி ஒரு ஆளே இல்லியே" என்றார். இது என்ன பதில் என்று எரிச்சலாக இருந்தது.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரையில் அடங்கி இருந்தது. வீட்டைத் தாண்டி யாருக்கும் தெரியாது. ஒரு நாள் டிஸ்பேட்ச் ஷெட்டில் தனியாக இருந்தபோது வந்துவிட்டது. கண் திறந்தபோது ஒருக்களித்துப் படுத்திருந்தேன். தலைக்கு அடியில் மெஷின் துடைக்கிற காட்டன் வேஸ்ட் பொதி. பக்கத்தில் தரையில் சம்மணமிட்டு ரிஜெக்ட்காரர். கோயமுத்தூரில் எத்தனை லட்சம் பேர்! கர்த்தர் அனுப்பியது இவரையா என்று எனக்கு மறுபடியும் மயக்கம் வரப் பார்த்தது.

"யாருகிட்டயும் சொல்லீராதீங்க."

"நானா எதுக்குக் கண்ணு சொல்றேன்? கேட்டாங்கன்னா பொய் சொல்லத் தெரியாது."

அதன்பிறகு ஆறு மாதம், யாரும் அவரிடம் என்னைப் பற்றிக் கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்வதே என் முழுநேர வேலை ஆனது.

அந்தச் சமயத்தில்தான் எஸ்தர் அமைந்தாள். எங்கள் சபைதான், பள்ளிக்கூட டீச்சர், பாடகர் குழுவில் முன்வரிசை. வலிப்பு விஷயத்தை அம்மா ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "தாலி கட்டுன பொறவு மெதுவாச் சொல்லிக்கலாம், சாமி." எனக்கும் அதுதான் வசதியாக இருந்தது. எஸ்தரை இழந்துவிடுவேனோ என்று அப்படி ஒரு பயம்.

எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை அறிந்தவர்கள் சொல்லலாம் என்று போதகர் கேட்பார். யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சொல்லக் கூடாது என்பதுதான் மரியாதை.

முதல் ஓலை வாசித்த அன்று ரிஜெக்ட்காரர் சைக்கிள் ஸ்டாண்டில் என்னைப் பிடித்தார். "அம்மணிகிட்டச் சொல்லீட்டியா கண்ணு?"

"சொல்லீட்டேனுங்க."

நம்பிவிட்டார்! அத்தனை வார்ப்புகளைத் தட்டிப் பார்த்த மனிதர் என்னைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக, "இனி உனக்குத் தெனமும் ஜெபம் பண்றேன்" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். இரண்டாம் ஓலையும் சத்தமில்லாமல் முடிந்தது.

மூன்றாம் ஞாயிறு. போதகர் ஓலையை வாசித்து, தடை உண்டா என்று கேட்டு, வழக்கம்போலப் பதிலுக்குக் காத்திராமல் பக்கத்தைத் திருப்பினார். பின்னால் பெஞ்சு கிரீச்சிட்டது.

"ஐயா, இது தடையான்னு எனக்குத் தெரியலீங்க. பொண்ணுகிட்ட ஒரு விசயம் சொல்லீட்டேன்னு இவன் என்கிட்டச் சொன்னானுங்க. இப்ப வாசல்ல, அதுல உனக்கு ஒண்ணும் பயம் இல்லியே அம்மணின்னு கேட்டேன். என்ன விசயமுன்னே தெரியாதுங்குது. அப்ப இவன் சொன்னது பொய்யுங்க."

அம்மா கையிலிருந்த பாட்டுப் புத்தகம் தொப்பென்று விழுந்தது.

போதகர் வெலவெலத்துப்போய், "என்ன விசயமுங்க அது?" என்று கேட்டேவிட்டார்.

ஆறு மாதமாக நான் எதைத் தடுத்து வந்தேனோ, அந்தக் கேள்வி! என் கதை முடிந்தது என்று தலையைத் தொங்கப் போட்டேன்.

"அதெ அவன்தானுங்க ஐயா சொல்லோணும். நான் சொல்றதுக்கு அது என்னோட விசயம் இல்லீங்களே" என்று சொல்லிவிட்டு ரிஜெக்ட்காரர் உட்கார்ந்துவிட்டார்.

இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. எழுந்தேன். ஒன்றுமில்லீங்க, வேலை விஷயம் என்று சொல்லியிருக்கலாம். அதில் கைதேர்ந்தவன்தானே நான்? திரும்பிப் பார்த்தேன். அவர் காதைச் சாய்த்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், சுத்தியலால் தட்டிவிட்டுக் காத்திருப்பாரே, அதே மாதிரி. பெண்கள் பக்கம் திரும்பினேன்.

"எஸ்தர், எனக்கு வலிப்பு வருமுங்க. பயந்துக்கிட்டுச் சொல்லாம இருந்துபோட்டேன்."

எஸ்தரின் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். போதகருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏதோ ஒரு பாட்டு நம்பரைச் சொன்னார். பாடினோம். அது கிறிஸ்துமஸ் பாட்டு என்பதும் மாதம் ஜூலை என்பதும் இரண்டாவது சரணத்தில்தான் எல்லோருக்கும் உறைத்தது.

ஆராதனை முடிந்ததும் எஸ்தர் நேராக என்னிடம் வந்தாள்.

"எத்தன மாத்திரைங்க?"

"காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு."

"மறக்காமச் சாப்பிடறீங்களா?"

ஆமா என்று வாயெடுத்தேன். வரவில்லை. "வாரத்துல ஒரு நா, ரெண்டு நா மறந்துருமுங்க."

அவள் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பு எட்டிப்பார்த்தது. உடனே அடக்கிக்கொண்டாள். "நீங்களா வந்து சொல்லியிருந்தா அன்னைக்கே சரீன்னிருப்பேன். இப்ப ஒரு வாரம் யோசிக்கோணும்."

அந்த ஒரு வாரத்தில் நான் தூங்கவில்லை. மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட மறக்கவில்லை. ரிஜெக்ட்காரரோடு பேசவும் இல்லை. அத்தனை கோபம். அடுத்த ஞாயிறு எஸ்தரே அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து போதகரிடம் சம்மதம் சொன்னாள்.

கல்யாணத்தன்று போதகர் மறுபடியும் தடை உண்டா என்று கேட்க வேண்டிய இடம் வந்தது. கேட்டார், பாவம், குரல் நடுங்க. சபை முழுவதும் ஒரே அசைவில் பின்னால் திரும்பியது. ரிஜெக்ட்காரர் எழுந்தார். எஸ்தர் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"இல்லீங்க" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தடை உண்டா என்று கேட்ட இடத்தில் கைதட்டிய ஒரே சபை எங்களுடையதாகத்தான் இருக்கும்.

ஆறு வருடம் கழித்து அவர் ரிட்டயர் ஆனார். அந்த ஆறு வருடத்தில் எனக்கு ஒருமுறைகூட வலிப்பு வரவில்லை. கடைசி நாளன்று ஷெட்டில் அவரிடம் கேட்டேன், "உங்க ஜெபம்தானுங்களா?"

"தெரியலியே கண்ணு. மாத்திரையாக்கூட இருக்கும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "ஒண்ணு உன்கிட்டச் சொல்லோணும். தெனமும் ஜெபம் பண்றேன்னு சொன்னேனல்லோ? நாலு நா உட்டுப்போட்டேன். மூணு நா காச்சல்ல கெடந்தேன். ஒரு நா சுத்தமா மறந்துபோட்டேன். மன்னிச்சுக்க கண்ணு."

எனக்காகத் தினமும் ஜெபிப்பதாகச் சொன்னவர்கள் நிறையப் பேர். அவர்கள் நல்லவர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அந்த நாலு நாள் போக மீதி ஆறு வருடமும் ஒரு மனிதர் வலிக்கிற முழங்காலில் நின்று என் பெயரைச் சொல்லியிருக்கிறார் என்பதை மட்டும் நான் அப்படியே நம்புகிறேன். சொன்னவர் அவராயிற்றே.