புற்றுநோய்க்கு ஓர் ஒற்று

மனிதகுலம் புற்றுநோயை வெல்லப்போவது உறுதியாகிவிட்டது. எந்த எழுத்துக்கூட்டலில் வெல்வது என்பது மட்டுமே எஞ்சியிருந்தது. அந்த மாபெரும் பொறுப்பை ஆராய்ச்சி மருத்துவமனையின் 'சொல் தூய்மைக் குழு' ஏற்றிருந்தது. அதன் செயலாளரை எல்லாரும் 'ஒற்று ஐயா' என்றே அழைத்தனர். வல்லினம் மிகவேண்டிய இடத்தில் மிகாவிட்டால், அவருக்கு இரத்த அழுத்தம் மிகும்.

புதிய புற்றுநோய் ஊசியின் ஆய்வில் சேர, நோயாளிகள் தாய்மொழியில் அச்சிட்ட ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட வேண்டும். படிவத்துக்குக் குழுவின் முத்திரை வேண்டும். ஆய்வில் சேர்வோர் பட்டியல் வெள்ளிக்கிழமை மாலை மூடப்படும். இடம் வேண்டிக் காத்திருந்தவர்களுள் ஒருவர் ஒற்று ஐயாவின் அக்காள் கணவர். பூட்டும் சாவியும் பழுதுபார்ப்பவர். அவருடைய சிறுநீரகக் கட்டியை அப்போதுதான் அகற்றியிருந்தார்கள். இதனாலெல்லாம் ஐயாவின் நேர்மை கடுகளவும் தளரவில்லை. உறவுக்காக ஓர் அரை மாத்திரையைக்கூட விட்டுக்கொடுக்காதவர் அவர்.

புதன்கிழமைக் கூட்டத்தில் படிவம் வாசிக்கப்பட்டது. தலைப்பே 'புற்றுநோய் தடுப்பூசி' என்றிருந்தது. ஐயா கண்களை மூடிக்கொண்டார்.

"நடுவுல 'த்' எங்கம்மா?"

"அச்சுல விட்டுப்போச்சு சார். போட்டுடலாம்," என்றார் ஆய்வை நடத்தும் பெண் மருத்துவர்.

"போட்டா மட்டும் போதுமா? நோய் வந்தவங்களுக்குத்தானே இந்த ஊசி? வந்ததுக்கப்புறம் எதைத் தடுக்குது?"

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். "எடுத்த கட்டியோட அங்க அடையாளத்தை வச்சு, அவங்கவங்களுக்குத் தனித்தனியா செய்யற ஊசி சார். உடம்போட சொந்தக் காவல்காரங்ககிட்ட 'இவன்தான் திருடன்'னு காட்டிக்கொடுக்கும். எங்கயாவது மிச்சம் ஒளிஞ்சிருந்தா அவங்க பிடிக்கணும். பிடிக்கறாங்களான்னு பார்க்கத்தான் இந்த ஆய்வே. சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் நல்லது."

"அப்போ 'காட்டிக்கொடுப்பூசி'," என்றார் குழுவிலிருந்த நூலகர்.

"துரோகம் மாதிரி ஒலிக்குதே! நோய் வந்தபின் போடறதால 'பின்னூசி'ன்னு வைக்கலாம்," என்றார் கணக்கர்.

"அது ஸ்வெட்டர் பின்றதுய்யா!" என்றார் நூலகர்.

இரண்டு துணைக்குழுக்கள் அமைந்தன: ஊசிக்கு ஒன்று, ஒற்றுக்கு ஒன்று. இரண்டிலும் இடம்பெற்ற ஐயா, முதற்குழுவில் தாம் எழுதிய கருத்தை இரண்டாம் குழுவில் வன்மையாக மறுத்தார். இத்தகைய நடுநிலை உலகில் அரிது.

வெள்ளிக்கிழமை மதியம் அக்காள் கணவர் ஐயாவைத் தொலைபேசியில் அழைத்தார்.

"மாப்பிள்ளை, பேரே இல்லாம அந்த ஊசியைப் போட்டுக்கறேனே. பிள்ளை பொறந்தப்புறம்தானே பேரு வைக்கிறோம்?"

"அவசரத்துல வச்ச பேரு ஆயுசுக்கும் நிக்கும் அத்தான்."

"ஆயுசைத்தான் கேக்கறேன்."

திங்கட்கிழமை காலை படிவம் வெளிவந்தது. துணைக்குழுக்கள் பழைய சொல்லையே ஒருமனதாக ஏற்று, ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்திருந்தன: 'புற்றுநோய்த் தடுப்பூசி.' ஐயா அத்தானையும் அழைத்துக்கொண்டு, படிவத்தைத் தாமே மருத்துவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். மருத்துவர் அதைப் புரட்டிப் பார்த்தார். பிழையே இல்லை.

"வெள்ளிக்கிழமையே பட்டியலை மூடிட்டாங்க சார். அடுத்ததுக்கு ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்."

தம்மையறியாமல் ஐயா மெச்சித் தலையசைத்தார். அத்தான் அதைக் கவனித்துவிட்டார்.

"'கழிச்சுப் பார்க்கலாம்'னாங்களே, நடுவுல அந்த 'ப்' வரணுமா, மாப்பிள்ளை?"

"கட்டாயம் வரணும் அத்தான். சரியா வந்துது."

"சரி. நான் வருவேனா?"