பொட்டு வைத்த சோலார் பலகை

க்ர்ரக்... க்ர்ரக்... க்ர்ரக்...

ஒரு காட்டில் இப்படி ஒரு சத்தம் கேட்டது. யாரோ ரம்பம் போட்டு மரம் அறுக்கிற மாதிரி. மரமறுக்கிறவர்களாக இருந்தால் தேவலை என்று எல்லாரும் நினைத்தார்கள். இல்லை, சிறுத்தை. அதன் குரலே அப்படித்தான். தொண்டைக்குள் ரம்பத்தோடு பிறந்த பிறவி.

சத்தம் ஓடைக்கு அந்தப் பக்கம். இந்தப் பக்கம் ஒரு கூடாரம். கூடாரத்துக்குள் பாவாத்தாள் என்ற வெள்ளாடும் அவளுடைய இரண்டு குட்டிகளும்.

பாவாத்தாளுக்குக் காட்டோரம்தான் ஊர். பிறந்ததிலிருந்து இந்தக் காட்டில்தான் மேய்கிறாள். ஆனால் மேய்ச்சல் வேறு, கேம்பிங் வேறு என்று நாச்சிமுத்து நரி அவளுக்கு விளக்கியிருந்தான். மேய்ச்சல் என்றால் சாயங்காலம் வீட்டுக்குப் போய்விடலாம். கேம்பிங் என்றால் அதே இடத்தில் ஜிப் வைத்த துணிக்குள் படுத்துக்கொண்டு, ‘ஆகா, என்ன அமைதி’ என்று சொல்ல வேண்டும். நரி நடத்துகிற கேம்ப்பில் ஆடு தங்குமா என்று நீங்கள் கேட்கலாம். தின்னப்பட்ட விருந்தாளி ஸ்டார் போட மாட்டார் என்று தெரிந்த நாளிலிருந்து நாச்சிமுத்து சுத்த சைவம்.

“சிறுத்தை கிறுத்தை வராதுங்களா?” என்று வந்த அன்றே கேட்டாள் பாவாத்தாள்.

“வெளக்கு எரியற பக்கம் அது எட்டிக்கூடப் பாக்காதுங்க்கா. விடிய விடிய எரியும். போத்திட்டுத் தூங்குங்க.”

விளக்கு நல்ல விளக்குதான். ஆனால் முதல் ராத்திரியே குட்டிகள் இரண்டும் கூடாரத் துணியில் தங்கள் நிழலைப் பெரிதாக விழவைத்து, ‘எனக்கு யானைக் கொம்பு, உனக்குப் பூனைக் கொம்பு’ என்று விளையாடி, பேட்டரியை ஒட்ட உறிஞ்சிவிட்டன. வீட்டுக்கே போய்விடலாம் என்றால் வழி ஓடையைத் தாண்டித்தான். இன்றைக்கு இருட்டுவதற்குள் சார்ஜ் ஏறாவிட்டால் விளக்கு இல்லை. விளக்கு இல்லாவிட்டால் குட்டிகள் இல்லை.

“இதுக்குப் போயி மூஞ்சியத் தொங்கப் போடுவாங்களா?” என்று நாச்சிமுத்து ஒரு சோலார் பலகையைத் தூக்கி வந்தான். நாலு மடிப்பு, பெட்டி மாதிரி ஒரு கைப்பிடி. விரித்தால் கறுப்புக் கறுப்பாகக் கட்டங்கள். வெயிலைக் குடித்து மின்சாரம் கக்குகிற சாதனம்.

பாவாத்தாள் அதை மோந்து பார்த்தாள். “புதுசுங்களா?”

“கவர்கூடப் பிரிக்கலீங்க்கா.”

“அப்பறம் பூசை போடாம எப்பிடித் தொடறது? குட்டிக உசுரு சமாச்சாரம்.”

நரிக்கும் அது நியாயமாகவே பட்டது. காட்டில் புதிதாக எது வந்தாலும் பூசை போடுகிற ராக்கியப்பன் குரங்கைக் கூட்டி வந்தார்கள். ராக்கியப்பன் பலகையைச் சுற்றிவந்தான்.

“இத வெயில்ல போட்டா வதங்கிப் போயிருமே! புளியமரத்தடிக்குக் கொண்டாங்க.”

நிழலில் விரித்தார்கள். நாலு மூலைக்கும் சந்தனம் வைத்தான். அப்புறம், ஒரு கட்டத்துக்கு வைத்து இன்னொரு கட்டத்தை விட்டால் பாரபட்சம் ஆகிவிடும் என்று எல்லாக் கட்டத்துக்கும் குங்குமப் பொட்டு. குறுக்கே ஒரு செவ்வந்தி மாலை. சூடம் காட்டினான். பாவாத்தாள் விளக்கின் கம்பியைப் பலகையில் சொருகிக் கும்பிட்டாள்.

விளக்கில் புள்ளி அளவு ஒரு சிவப்பு லைட் மினுக்க வேண்டும். மினுக்கவில்லை.

“ஏறலீங்களே?”

“கேட்டவொடனே குடுத்தா அது சாமியா, கடைக்காரனா?” என்றான் ராக்கியப்பன். உச்சி வெயில் சாய்ந்தபோதும் மினுக்கவில்லை. “மாலை பத்தல” என்று சொல்லி இன்னொரு மாலை போட்டான்.

க்ர்ரக் என்று பக்கத்திலேயே கேட்டது.

திரும்பினால் சிறுத்தை. வாயில் ஒரு போன், போனிலிருந்து தரையில் இழுபட்டு வரும் ஒயர். ராக்கியப்பன் புளியமரத்தின் உச்சியில் இருந்தான். எப்போது ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. குட்டிகள் தாயின் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டன.

நாச்சிமுத்து ஒருவன்தான் சுதாரித்தான். “வரிசைல வாங்க! வரிசைல நிக்கற வரைக்கும் யாரும் யாரையும் கடிக்கப்படாது. கேம்ப் ரூல்ஸ்!”

அந்த ரூல்ஸை அவன் அந்த நிமிஷம்தான் போட்டான். ஆனால் வரிசை என்ற சொல்லைக் கேட்டால் எப்பேர்ப்பட்ட மிருகமும் ஒரு கணம் சாதுவாகிவிடுகிறது. சிறுத்தை பாவாத்தாளுக்குப் பின்னால் நின்றது. போனைக் கீழே வைத்து நகத்தால் தள்ளித் தள்ளிப் பார்க்க ஆரம்பித்தது.

“ரெண்டு பர்சென்ட்தான் இருக்குது” என்றது. அதன் குரலில் நடுக்கம் இருந்தது. “முன்னால என்ன லேட்டு?”

“ஏறலீங் சாமி.”

சிறுத்தை தலையைத் தூக்காமல் கடைக்கண்ணால் பலகையைப் பார்த்தது. “நெழல்ல போட்டு, மேல மாலையும் போட்டா எப்பிடி ஏறும்? இது என்ன, எழவு வீடா?” மாலைகளை வாலால் தட்டிவிட்டது. பலகையை வெயிலுக்கு இழுத்து, சொரசொரப்பான நாக்கால் ஒரே நக்கில் சந்தனம், குங்குமம் எல்லாவற்றையும் வழித்தது. “சாமி குத்தம்!” என்று மரத்தின் உச்சியிலிருந்து அழுதான் ராக்கியப்பன்.

விளக்கில் சிவப்பு மினுக்கியது.

பலகையில் கம்பி சொருக ஒரே ஓட்டை. மிச்சமிருந்த வெயிலோ ஒருவருக்குத்தான் காணும். பாவாத்தாள் விளக்கையும் சிறுத்தையையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த நேரம் பயத்தில் திசை தெரியாமல் ஓடிய சின்னக்குட்டி, சிறுத்தையின் முன்னங்கால் மேலேயே ஏறி விழுந்தது. சிறுத்தை, ஈயை உதறுவதுபோல் காலை உதறிவிட்டு, போனில் பார்த்துக்கொண்டிருந்ததைத் தொடர்ந்து பார்த்தது.

பாவாத்தாள் விளக்கின் கம்பியைப் பிடுங்கினாள்.

“அக்கா! என்ன பண்றீங்க? பைத்தியமா?” என்று கத்தினான் நாச்சிமுத்து.

“சும்மா இரு தம்பி.” சிறுத்தையின் பக்கம் திரும்பினாள். “நீங்க மொதல்ல போடுங் சாமி. எங்களுக்கு என்ன அவசரம்.”

“நெசமாவா, அம்மிணி?” சிறுத்தைக்குக் கண் கலங்கியது. “இந்தக் காட்டுல இப்பிடி ஒரு மனசு நான் பாத்ததில்ல.”

இருட்டியது. நாச்சிமுத்து தன் வளைக்குள் போய், விடிந்ததும் என்ன இரங்கல் எழுதுவது என்று யோசித்தான். பாவாத்தாள் குட்டிகளை அணைத்தபடி ஜிப்பின் சந்தில் கண்ணை வைத்திருந்தாள். பாறைமேல் சிறுத்தை உட்கார்ந்திருந்தது. முகத்தில் நீல வெளிச்சம். புள்ளிமான்கள் முன்னால் தண்ணீர் குடித்துவிட்டுப் போயின, பார்க்கவில்லை. பன்றி ஒன்று இடித்துக்கொண்டு போனது. ‘சாரி’ என்றது சிறுத்தை. ராத்திரி முழுக்க விழித்திருப்பவர்களின் முகம் எந்த உயிரானாலும் ஒன்றுபோலத்தான் ஆகிவிடுகிறது. அதைப் பார்த்தபோது பாவாத்தாளுக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. கொஞ்சம்தான்.

விடிந்தபோது போன் செத்தது. சிறுத்தை தலையைத் தூக்கியது. வெகுநாளைக்குப் பிறகு காட்டைப் பார்க்கிற மாதிரி நாலா பக்கமும் பார்த்தது. வயிறு ஒட்டியிருந்தது. பார்வை மெல்ல வந்து பாவாத்தாள் மேல் நின்றது.

“அம்மிணி... நீங்க ஆடுங்களா?”

“ஆமாங்.”

“எனக்கு ஏனோ வகுறு பிசையுது. ஆட்டப் பாத்தா என்னமோ ஒண்ணு பண்ணணும்னு ஞாபகம். என்னன்னுதான் தெரியல.”

“அதெல்லாம் தூக்கமில்லாத கோளாறுங். ஒயரக் குடுங்க, சொருகித் தாரேன்.”

சொருகினாள். சூரியன் இருக்கும் பக்கமாகப் பலகையைத் திருப்பினாள். போனில் சிவப்பு மினுக்கியது. திரை விழித்தது. சிறுத்தையின் தலை தாழ்ந்தது. பாவாத்தாள் குட்டிகளைக் கூட்டிக்கொண்டு, அதன் முதுகுப் பக்கமாகவே போய், எல்லா நாளையும் போல கருவேலங்காய் பொறுக்க ஆரம்பித்தாள்.

நீதி: உங்களைத் தின்ன வருகிறவனுக்கு விளக்கைக் காட்டாதீர்கள், சார்ஜ் போட்டுக் கொடுங்கள். (மழைக்காலத்துக்கு இந்த நீதி பொருந்தாது.)